ஏழாம் நம்பர் மண்

அத்தியாயம் 5

துப்பறிய ஆள் வைக்கும்போதும் பேரம் பேசிய மனுஷர் உலகத்தில் பேட்டரிப் பட்டறை முதலாளியான அந்தப் பேட்டரிக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். முழுசாகக் கண்டுபிடித்தால் என்ன விலை, பாதி கண்டுபிடித்தால் என்ன விலை, கடைசியில் குற்றவாளி தானேதான் என்று முடிந்தால் எவ்வளவு தள்ளுபடி என்று மூன்று கேள்வி கேட்டார். துப்பறிகிற தராசு மூன்றுக்கும் ஒரே விலை சொன்னார். அரை மணி நேரம் மூக்கால் அழுதபிறகு, மத்தியானச் சாப்பாடு துப்பறிகிறவர்கள் கைச்செலவு என்கிற சலுகையோடு பேட்டரிக்காரர் படிந்தார்.

அது முந்தாநாள். இன்றைக்குக் காலை மணி பத்து. சாயங்காலம் நாலு மணிக்கு மண் கண்காணிப்பு அலுவலகத்து அதிகாரி வந்து பட்டறைக் கதவுக்குச் சீல் வைக்கப் போகிறார். சிவப்பு அரக்குக் குச்சியும் மெழுகுவர்த்தியும் சட்டைப்பையில் இல்லாமல் அவர் வீட்டுப் படி இறங்கியதில்லை. அதனால் அந்த வட்டாரத்தில் அவருக்கு அரக்கு என்றே பெயர். பட்டறையைச் சுற்றியுள்ள மண்ணில் ஈயம், அனுமதித்த அளவைப்போலப் பதினோரு மடங்கு. பட்டறைக்குள்ளும் ஈயம், வெளியே மண்ணிலும் ஈயம். இதற்குமேல் யோசிக்க அலுவலகத்துக்கு என்ன வேண்டுதலா? சீல் விழுந்தால் பட்டறை போகும், ஐந்து பேர் வேலை போகும், பேட்டரிக்காரரின் முப்பது வருஷம் போகும்.

புகார் கொடுத்தது யார் என்று பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் கீரை பயிரிடும் அவருடைய சொந்தத் தங்கை.

தராசு என்பதும் வைத்த பெயர் இல்லை. எடைக்கல் சோதிக்கும் வேலையில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர். கள்ள எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே எவ்வளவு குறைகிறது என்று சொல்லுவார். ஓய்வு பெற்றபிறகு மனுஷர்களை எடை போட ஆரம்பித்தார். கூடவே வருகிற உதவியாளருக்குச் சில்லறை என்று பெயர். நாற்பது வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எந்தப் பேச்சு நடந்தாலும் மீதியைக் கொடுக்காமல் நகரமாட்டான்.

இருவரும் வேலி ஓரமாக நின்றார்கள். பட்டறை வாசல், கீரைப் பாத்தி, அதைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் மேடு. இந்த நீளத்துக்குப் பன்னிரண்டு இடத்தில் அலுவலகம் வருஷாவருஷம் மண் எடுக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம், பளிச்சென்று மஞ்சள் பெயின்ட், மேலே கறுப்பில் நம்பர், நம்பருக்குக் கீழே ‘எச்சரிக்கை: நஞ்சு மண்’. கல்யாண வீட்டில் வரவேற்க நிற்கிற சம்பந்திகள் மாதிரி வரிசையாக நின்றன.

“அண்ணே, ஒம்போதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டு மேல நிக்குது,” என்றான் சில்லறை. “பட்டறை பள்ளத்துல இருக்கு. காத்தும் அங்கேருந்து இங்கதான் அடிக்குது. ஈயம் எப்ப நீச்சல் கத்துக்கிச்சு?”

“நீச்சல் சரி. மேட்டுலயும் ஏறியிருக்கே,” என்றார் தராசு.

நேற்று சில்லறையை விட்டுக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே மண் தோண்டச் சொல்லியிருந்தார். இடுப்பு ஒடிந்ததுதான் அவனுக்குக் கிடைத்த தடயம். தோண்டிய மண், ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது.

முதலில் பட்டறைக்குள் நுழைந்தார்கள். பழைய வண்டி பேட்டரிகளைப் பிரித்து, செத்த தகடுகளை உருவி, புதுத் தகடு போட்டு உயிர் கொடுக்கிற வேலை. தரை முழுக்க வழவழவென்று சிமென்ட். மூலையில் ஒரு தொட்டி. கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதில் இறங்கித் தேங்கும். வாசலில் ஒரு தகரத் தட்டு. வேலை முடிந்து போகிற ஐந்து பேரும் அந்தத் தட்டின்மேல் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் தெருவில் கால் வைக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. தட்டில் விழுகிற தூளைப் பேட்டரிக்காரர் தன் கையாலேயே சலித்து டப்பாவில் போட்டு உருக்கிவிடுவார். தொழிலாளிகளில் மூத்தவர் இதைச் சொல்லும்போது, போன மாசம் தான் தும்மியபோது முதலாளி ‘அந்தப் பக்கம் திரும்பித் தும்முய்யா, தூள் பறக்குது’ என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் தராசு, பேட்டரிக்காரருக்குக் கஞ்சத்தனமே பாதி சாட்சி என்றார். ஈயம் அவருடைய சரக்கு. துணிக்கடைக்காரன் துணியைத் தெருவில் வீசுவானா? தூளைக்கூடச் சலித்து எடுக்கிறவன் பதினோரு மடங்கு ஈயத்தை மண்ணுக்குத் தானம் பண்ணுவானா?

“அப்ப அரக்குகிட்ட, இவர் தானம் பண்றவர் இல்லைன்னு நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டா முடிஞ்சுது,” என்றான் சில்லறை. “நாலு என்ன, நானூறு கிடைக்கும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். கீரை இடுப்பளவு முற்றி நின்றது. மண் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து சந்தையில் அவள் கீரைக்கட்டைத் தொட ஆள் இல்லை. கூடையோடு திரும்பி வந்த அன்றைக்கே அண்ணன்மேல் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு பேச்சு நின்று பதினொரு மாசம் ஆகிறது. அவசரமாக ஏதாவது சொல்லித் தீரவேண்டும் என்றால் இரண்டு பேரும் அவளுடைய கோழியிடம் சொல்லுவார்கள். வேலிக்கு இரண்டு பக்கமும் போய்வர உரிமை உள்ள ஒரே ஜீவன் அதுதான்.

பேட்டரிக்காரர் வேலியருகே வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்தே போட்டால் மோட்டார் புகைந்துவிடும் என்று கோழியிடம் தெரிவித்தார். மோட்டார் தன் காசில் வாங்கியது என்று தங்கை கோழியிடம் பதில் சொன்னாள். கோழி இரண்டையும் காதில் வாங்காமல் எட்டாம் நம்பர் கம்பத்தின் அடியில் கிளறிக்கொண்டிருந்தது.

“கோழி நகத்துக்கெல்லாம் சாயம் போட்டிருக்கு பாருங்கண்ணே,” என்றான் சில்லறை. “என் வீட்டுக்காரிகூட பத்து வெரலுக்கும் போடமாட்டா.”

தராசு குனிந்து கோழியின் காலைப் பார்த்தார். நகத்து இடுக்கில் மஞ்சள் பொட்டுகள். பிறகு தங்கையின் வீட்டுப் பின்வாசலுக்குப் போனார். படியோரம் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு ரோஜாச் செடி, நாலு பூ. பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி ஏழாம் நம்பர் கம்பம். செடி எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு, அவள் அவசரமில்லாத ஒரு களையை அவசரமாகப் பிடுங்கினாள். தராசு பெட்டியை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கினார். உடனே இறக்கி வைத்துவிட்டார்.

“என்னண்ணே, பூ வேணுமா?”

“வாய்யா, ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம்.”

ஆய்வுக்கூடத்து அம்மாள் முதலில் சில்லறை தோண்டிய மண்ணின் கணக்கைச் சொன்னார். கம்பங்களுக்கு நடுவே எடுத்த மண்ணில் ஈயம் அனுமதித்த அளவுக்கு உள்ளேயே இருந்தது, எல்லா இடத்திலும். கம்பத்தடியில் பதினோரு மடங்கு. நாலு அடி தள்ளினால் ஒன்றும் இல்லை. விஷம் நம்பர் பார்த்து இறங்கியிருக்கிறது.

அலுவலகத்து மண்ணில் ஈயத்தைத் தவிர வேறென்ன இருந்தது என்று தராசு கேட்டார். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. மிஷின் ஒரே ஓட்டத்தில் பதினாலு உலோகம் காட்டும். அலுவலகம் கேட்பது ஈயம் ஒன்றைத்தான். அதனால் அச்சடித்து வருகிற தாளில் ஈயத்தின் வரியை மட்டும் கத்தரியால் வெட்டி அனுப்பிவிட்டு, மீதியைத் தூக்கிப்போட மனசில்லாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

“இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாம்மா?” என்றான் சில்லறை.

“யாரும் கேக்கலையே சார்.”

சில்லறை தராசைத் திரும்பிப் பார்த்தான். தராசுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கேட்காத சரக்கை எடுத்துக் காட்ட எந்தக் கடைக்காரனுக்கும் அவசியம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

டப்பாவைக் கவிழ்த்து இந்த வருஷத்துச் சீட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தார்கள். மிஷினைப் பற்றி அந்த அம்மாள் கால் மணி நேரம் சொன்னதில் நமக்கு வேண்டியது இரண்டே விஷயம். பேட்டரி ஈயம் தனியாக வராது. தகடு விறைப்பாக நிற்க ஆன்டிமனி என்று ஒன்றைக் கலப்பார்கள். அது ஈயத்துக்குப் பெண்டாட்டி மாதிரி, போகிற இடமெல்லாம் கூடவே போகும். இது முதல் விஷயம். இந்த மண்ணில் ஆன்டிமனியே இல்லை, ஈயத்தோடு கைகோத்துக்கொண்டு வந்திருப்பது குரோமியம். இது இரண்டாவது.

“வீட்டுக்காரி ஒருத்தி, கூட வர்றது வேறொருத்தி,” என்றான் சில்லறை. “அப்ப இது நம்ம பேட்டரிக்காரர் வீட்டு ஈயம் இல்லை.”

“ஈயமும் குரோமியமும் ஜோடியா சுத்துற இடம் எதும்மா?”

“பழைய காலத்து மஞ்சள் பெயின்ட் சார். இப்ப யாரும் செய்யறதில்லை.”

தராசு சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டார். ஒன்றை மட்டும் எடுத்து, மடித்து, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சில்லறை கண்ணால் எண்ணிவிட்டான்: உறைக்குள் பதினொன்று. பைக்குள் போனது ஏழாம் நம்பர். என்ன என்று கேட்க வாயைத் திறந்தான். பசிக்கிறது, சாப்பாடு கைச்செலவு, மறந்துவிடாதே என்று தராசு வாசலுக்கு நடந்துவிட்டார்.

பெயின்ட் செய்கிற இடம் அதே தெருவின் கோடியில். வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் ‘இங்கே ஈயம் இல்லை’. முதலாளியிடம் வண்ண அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மஞ்சள் வரிசையில் ஒரு கட்டத்தை மட்டும் சதுரமாகக் கத்தரித்து எடுத்திருந்தது. அந்த நிறம் எங்கே என்றதற்கு, அது விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது, யாருக்கும் விற்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை என்று பெயின்ட்காரர் கையை விரித்தார். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் விரித்தார். விரித்த கையின் கட்டைவிரல் நகம் மஞ்சளாக இருந்தது.

இல்லை என்கிற கடைக்காரனிடம் வாங்க வந்தேன் என்று நின்றால் காரியம் ஆகாது. திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

“நீங்க அனுப்பின மஞ்சள் டின் கட்டி தட்டிப் போச்சுன்னு அவங்க சத்தம் போடறாங்க,” என்றார் தராசு, எழுந்து போகிறவர் மாதிரி. “டின்னை மாத்திக் குடுக்கணுமாம். நீங்க செய்யறதில்லைன்னா சரி, வேற எடத்துல பாத்துக்கச் சொல்லிடறேன்.”

பெயின்ட்காரருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “என் மஞ்சளா கட்டி தட்டுச்சு? பன்னெண்டு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு டின் எடுக்கறாங்க. ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது. அவங்களுக்காக மட்டும்தான் சார் அந்தக் கலரைக் காய்ச்சறேன். சட்டப் புத்தகத்துல ஒரு துண்டு கலர் ஒட்டியிருக்காம், அதுக்கு அப்படியே ஒத்துப் போகணுமாம். புது மஞ்சள் எதுவும் ஒத்துப் போகலை. நான் என்ன செய்ய?”

யார் அவங்க என்று சில்லறை கேட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேட்டரிப் பட்டறைக்குத்தான் வருவார்கள், கட்டி இருந்தால் அங்கேயே காட்டட்டும் என்றார் பெயின்ட்காரர். “இன்னிக்குப் பட்டறைக்கு வர்றது அரக்கு ஒருத்தர்தானேண்ணே?” என்றான் சில்லறை, தெருவுக்கு வந்ததும். 

சரியாக நாலு மணிக்கு அரக்கு வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, இஸ்திரி மடிப்பு, கையிடுக்கில் கோப்பு. பின்னால் ஒரு பெயின்ட் அடிக்கிற ஆள். ஒரு கையில் மஞ்சள் டின், மறு கையில் கம்பி பிரஷ். பட்டறை வாசலில் ஐந்து தொழிலாளிகளும் நின்றார்கள். பேட்டரிக்காரர் கதவின் பூட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சீல் வைப்பதற்கு முன்னால் பூட்டு அழுக்காக இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புகார் கொடுத்தவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

சீல் வைக்குமுன் சாட்சிகளுக்கு எதிரில் ஒருமுறை மண் எடுக்க வேண்டும் என்பது விதி. நம்பர் அழிந்த கம்பத்தில் மண் எடுத்தால் செல்லாது. ஆகவே முதலில் கம்பத்தைச் சுரண்டிப் புதுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். மண்ணைக் கம்பத்திலிருந்து ஒரு சாணுக்குள் எடுக்க வேண்டும். அரக்கு இதையெல்லாம் புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பித்தார். தராசு ரொம்பப் பணிவாக, நடத்துங்க சார், நாங்க ஓரமா நின்னு பாக்கறோம் என்றார்.

பெயின்ட் ஆள் ஒன்றாம் நம்பர் கம்பத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தான். பழைய மஞ்சள் செதில் செதிலாக உரிந்து கம்பத்தடியில் பொலபொலவென்று கொட்டியது. தேய்த்துத் தள்ளினான். மஞ்சளாக ஒரு சின்ன மேடே விழுந்தது. பிறகு புதுப் பெயின்ட் பூசினான். அதிலும் நாலு சொட்டு கீழே. அரக்கு முழங்காலிட்டு, கைக்குட்டையால் கரண்டியைத் துடைத்து, ஒரு சாணுக்குள் அளந்து பார்த்து, அந்த மஞ்சள் மேட்டையே ஒரு கரண்டி அள்ளிப் பைக்குள் போட்டார். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எழுந்து திரும்பினார்.

 பதினோரு ஜோடிக் கண்ணும் அந்தப் பையையே பார்த்தன. கோழி வந்து மேட்டில் மீதியிருந்ததைக் கிளறியது.

“இந்தத் தடவை இன்னும் ஏறியிருக்கும்னு நினைக்கறேன்,” என்றார் அரக்கு.

“ஏறாம?” என்றான் சில்லறை. “நீங்க பன்னெண்டு வருஷமா உரம் போட்டுத்தானே அறுவடை பண்றீங்க.”

தராசு உறையைப் பிரித்து விவரத்தைச் சொன்னார். கம்பம் நடுவதற்கு முன்னால் எடுத்த முதல் வருஷத்து மண்ணில் ஈயம் அளவுக்குள்தான் இருந்தது என்று ஆய்வுக்கூடத்து அம்மாள் சொல்லியிருந்தார். அந்தத் தாள் அரக்கின் கோப்பிலேயே முதல் பக்கமாக இருக்கிறது. கம்பம் நட்டார்கள், அடுத்த வருஷம் கொஞ்சம் ஏறியது. ஏறியதால் எச்சரிக்கை எழுதினார்கள், எழுதப் பெயின்ட் அடித்தார்கள், அடிக்கச் சுரண்டினார்கள், சுரண்டியதை அள்ளிச் சோதித்தார்கள். வாய்க்காலைத் தாண்டியது ஈயம் இல்லை; அலுவலகத்துப் பெயின்ட் ஆள்தான் டின்னோடு பாலத்தில் நடந்து தாண்டினான். நாலு அடி தள்ளி மண் சுத்தம். பேட்டரி ஈயத்துக்குரிய ஆன்டிமனி இல்லை. மஞ்சளுக்குரிய குரோமியம் இருக்கிறது.

அரக்கு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வெளுத்தது, சிவந்தது, மறுபடி வெளுத்தது. ஆனால் ஆள் கோப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். எண்ணிப் பார்க்காமல் எந்தக் காகிதத்தையும் கீழே வைத்ததில்லை.

“பதினொண்ணுதான் இருக்கு,” என்றார். “ஏழாம் நம்பர் எங்கே?”

 தராசு சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தார்; பேரத்தில் ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கத்துக்கு மதிப்பு இல்லை. அரக்கு படித்தார். ஏழாம் நம்பரில் குரோமியம் இருந்தது. அதோடு ஆன்டிமனியும் இருந்தது, கணிசமாக.

“இது பேட்டரி ஈயம்,” என்றார் அரக்கு. போன உயிர் திரும்பி வந்துவிட்டது. “ஒரு இடம் போதும். விதிப்படி மூலம் எதுவோ அதுக்குச் சீல்.”

மெழுகுவர்த்தியை ஏற்றினார். அரக்குக் குச்சியின் நுனியைச் சுடரில் காட்டினார். சிவப்பு உருகிச் சொட்டத் தயாரானது. பேட்டரிக்காரர் பூட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஏழாம் நம்பருக்கு எப்படிப் போச்சு, நான் ஒரு தூளைக்கூட வெளிய விட்டதில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய் சொல்கிறவனுக்கு அவ்வளவு குழப்பம் வராது.

தராசு வேலிக்கு அந்தப் பக்கம் பின்வாசல் படியோரம் இருந்த ரோஜாச் செடியைப் பார்த்தார். அவர் பார்ப்பதைத் தங்கை பார்த்தாள்.

அவள் வேலியைப் பிரித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். பதினொரு மாசத்தில் முதல் தடவை.

“அந்த மெழுகுவர்த்தியை அணைங்க. அந்த ஈயம் என் வீட்டுது,” என்றாள். “ஏழாம் நம்பர்கிட்ட இருக்கற ரோஜாத் தொட்டி பேட்டரிப் பெட்டி. தெனமும் நான்தான் தண்ணி ஊத்தறேன். ஓட்டை வழியா வடிஞ்சு அங்கதான் போகும். மண்ணைக் கெடுத்தது நான்.”

“அது நான் குடுத்த பெட்டி,” என்றார் பேட்டரிக்காரர்.

“குடுத்தா? குடுத்ததுக்கு அப்புறம் என்னோடது.”

“பேட்டரி என்னோடது. தப்பும் என்னோடதுதான்.”

“பன்னெண்டு வருஷம் வளத்தது நான். இப்ப வந்து பங்கு கேக்கறே?”

குற்றத்தைத் தள்ளிவிடச் சண்டை போடுகிறவர்களை அரக்கு நிறையப் பார்த்திருக்கிறார். எனக்கு, எனக்கு என்று பிடுங்கிக்கொள்கிறவர்களைப் பார்த்ததில்லை. படிவத்தில் மூலத்தின் உரிமையாளர் என்கிற இடத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. பேனாவை அண்ணன் பக்கம் கொண்டுபோனால் தங்கை சத்தம் போட்டாள், தங்கை பக்கம் கொண்டுபோனால் அண்ணன். குச்சியின் அரக்கு அவருடைய இஸ்திரி மடிப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் தராசுதான் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார். கொடுத்த பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். எந்தச் சந்தையிலும் இதுதான் வழக்கம். ஆக மூலம் தங்கையுடையது. புகாரும் தங்கையுடையது. ஒருவர் தன்மேல் தானே கொடுத்த புகாரின்பேரில் அடுத்த ஆள் கதவுக்குச் சீல் வைக்க விதி இருக்கிறதா?

அரக்கு புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும். இல்லை.

“ஆனா பெட்டிக்கு ஏண்ணே அவ்வளவு வேகம்?” என்றான் சில்லறை. “வெறும் பெட்டியைக் கழுவாமக் குடுத்தாக்கூட இத்தனை ஈயம் வடியுமா?”

அதற்கும் தராசிடம் பதில் இருந்தது. காலையில் தூக்கியபோதே கை சொல்லிவிட்டது. அந்த அளவு பெட்டி, அந்த அளவு மண், ஒரு செடி, இதற்கெல்லாம் சேர்த்து வரவேண்டிய எடையைவிட மூன்று கிலோ அதிகம். தங்கையிடம் அனுமதி கேட்டு, செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்துப் பெட்டியைச் சாய்த்தார். அடியில் இரண்டு ஈயத் தகடுகள் முழுசாக நின்றன.

ஐந்து தொழிலாளிகளும் ஒரே நேரத்தில் முதலாளியைப் பார்த்தார்கள். செருப்பில் ஒட்டிய தூளைச் சலித்து எடுக்கிற மனுஷர். இரண்டு முழுத் தகட்டை விட்டிருக்கிறார்.

“மறந்துட்டியா?” என்றாள் தங்கை.

“மறக்கறதாவது,” என்றார் பேட்டரிக்காரர். வேறு பக்கம் பார்த்தார். “உன் பின்வாசல்ல காத்து ஜாஸ்தி. அடியில கனம் இல்லைன்னா செடி சாஞ்சிடும்னு விட்டேன்.”

அவள் தகட்டில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தாள். சில்லறையிடம்கூட மீதி இல்லை.

பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. மற்ற பதினோரு இடத்துக்கும் மூலம் எதுவோ அதற்குச் சீல் விழவேண்டும் அல்லவா? அரக்கு பெயின்ட் ஆளின் கையிலிருந்த டின்னை வாங்கி, மூடியை அழுத்தி, அதன்மேல் சிவப்பாக ஊற்றி முத்திரை குத்தினார். மீதி டின் இருக்கும் இடம் தன் அலுவலகத்து அலமாரி என்று ஞாபகம் வந்தது. அந்த அலமாரியில்தான் தன் குடையும் மத்தியானம் சாப்பிடாத டப்பாவும் இருக்கின்றன என்பதும் ஞாபகம் வந்தது. ஆனாலும் கடமை தவறாத மனுஷர். அதற்கும் சீல் வைக்கக் கிளம்பினார். கம்பத்தடியில் ஒரு சாண் மண்ணை அலுவலகச் செலவில் வெட்டி அள்ளுவதற்கும், கீரை விற்கத் தடையில்லை என்று நாளைக்கே தாள் கொடுப்பதற்கும் தராசு அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

“சார், சீல் வச்ச அலமாரி பக்கத்துல எச்சரிக்கைக் கம்பம் நடணும்னு விதி இருக்குமே,” என்றான் சில்லறை. “என்ன கலர் அடிப்பீங்க?”

அரக்கு தெருமுனை வரை அதையே யோசித்துக்கொண்டு போனது தெரிந்தது.

தங்கை ரோஜாவை ஒரு மண் தொட்டிக்கு மாற்றினாள். பேட்டரிக்காரர் இரண்டு தகடுகளையும் பழக்க தோஷத்தில் கையிடுக்கில் சொருகிக்கொண்டு, தொட்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். ஆடியது.

“இது நிக்காது,” என்றார். “ராத்திரி காத்துக்குச் சாஞ்சிடும்.”

“சாஞ்சா வந்து நிமித்தி வை,” என்றாள் அவள், மண்ணை அழுத்திக்கொண்டே. “வேலிதான் பிரிஞ்சு கிடக்கே.”

பேட்டரிக்காரர் தகடுகளை மறு கையிடுக்குக்கு மாற்றிக்கொண்டார்.  கடைசியில் குனிந்து, காலடியில் கிளறிக்கொண்டிருந்த கோழியிடம்,

“வர்றேன்னு சொல்லு,” என்றார்.